போகியன்று அசையாமல் போன சில்லு: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரை ஒட்டிய ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். 2024 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஆறாம் வகுப்பு ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அவர் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, பொங்கல் லீவு முடிந்து வந்ததிலிருந்து டிபன் பாக்ஸைத் திறப்பதே இல்லையாம். வாரத்தில் இரண்டு நாள் வயிற்று வலி என்று பெஞ்சில் தலை சாய்த்துக்கொள்கிறாள். "வீட்ல கேட்டா ஒண்ணும் இல்லன்றாங்க மேடம். ஒரு ஆமை செத்துப்போச்சாம். அதுக்குப் போயி இப்பிடி கீறாளேன்னு அவங்கம்மாவே சொல்றாங்க."

நாய் செத்திருந்தால் அந்த அம்மா இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நாய் குலைக்கும், வாலாட்டும், தெருவே அதற்குப் பேர் வைத்திருக்கும். ஆமை சத்தம் போடாது. அது வீட்டில் இருந்ததே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அப்படி ஒன்று செத்துப்போனால் பிள்ளை யாரிடம் போய் அழுவது?

பெற்றோரின் சம்மதத்தோடும் அந்தப் பெண்ணின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி அவளைப் பாப்பா என்றே குறிப்பிடுகிறேன். வயது பதினொன்று. ஆறு வயதில் ஒரு தம்பி. அப்பா தோல் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருவார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். அப்பாவைப் பெற்ற ஆயாவும் கூடவே இருக்கிறார். கணியம்பாடியைத் தாண்டி, அமிர்தி காட்டுக்குப் போகிற பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர்.

சில்லு வந்த விதம்

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி நல்ல மழை. காலையில் பாண்டி ஆடச் சில்லு தேடி ஓடைக்கரைக்குப் போயிருக்கிறாள். "கருப்பா, மஞ்சப் பட்ட போட்டுக்கினு, ஓட்டுச் சில்லு மாரியே இருந்துச்சு மிஸ். எடுத்தன். கால் வந்துச்சு."

நட்சத்திர ஆமைக் குஞ்சு. பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த வயதில் நட்சத்திரக் கோடுகள் முழுதாக விரிந்திருக்காது, மஞ்சள் பட்டைகள்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் புதர்க்காடுகளில் இந்த ஆமை உண்டு. மழைக்காலத்தில்தான் அதிகம் கண்ணில் படும். பாதையில் கிடந்ததால் வண்டி ஏறிவிடும் என்று நினைத்தாளாம். பாவாடையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சில்லு என்றே பேர் வைத்துவிட்டாள்.

ஒரு பழைய பிளாஸ்டிக் டப், அடியில் ஈரத்துணி, இடம் பிரிட்ஜ் பக்கத்தில். தின்ன முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரி. தம்பி தன் பங்குக்கு இட்லியும் பிட்டுப் போடுவான். தினமும் குழாயடியில் குளியல். எல்லாம் பாசத்தோடு செய்தவை. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் அந்தந்த நாள் கட்டத்துக்குள் பென்சிலால் 'ச' என்று எழுதினால் சாப்பிட்டது, 'கு' என்றால் குளித்தது, 'வெ' என்றால் வெயில் காட்டியது. இந்தக் காலண்டர் பிற்பாடு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி.

ஆயாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "ஆம புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாது, கொண்டுபோயி வுட்டுட்டு வா" என்றிருக்கிறார். கோர்ட்டு உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிறவர்தான் அமீனா. சீட்டுப் பணமும் நகைக் கடனும் பாக்கி இருக்கிற வீட்டில் இது வெறும் பழமொழியாகக் காதில் விழாது. டிசம்பரில் கம்பெனியில் ஆர்டர் குறைந்து அப்பாவை "அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயா அதற்குப் பிறகு டப்பைத் தாண்டும்போதெல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

போகி காலையில் சில்லு அசையவில்லை. 2024 ஜனவரி 14. எழுபத்தேழு நாள் இருந்திருக்கிறது.

செத்ததா இல்லையா என்று தெரியாத இரண்டு நாள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆமையை இழந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற வேதனை இது. நாயோ பூனையோ செத்தால் உடம்பு சில்லிட்டுப்போவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஆமையின் உடம்பு எப்போதுமே சுற்றுப்புறத்தின் சூட்டை ஒட்டியது. குளிரில் அது மந்தமாகிக் கண்ணை மூடிக் கிடக்கும். மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர்களேகூட இதயத்துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டுப் பார்த்து, அப்போதும் அவசரப்படாமல்தான் முடிவு சொல்வார்கள்.

பாப்பா அதை ஒரு முறத்தில் வைத்து மொட்டை மாடியில் வெயில் காட்டியிருக்கிறாள். பொங்கலன்று கீழே பானை பொங்கி, தம்பி தட்டு தட்டிக் கத்துகிற சத்தம் கேட்டும் இறங்கி வரவில்லை. ஒருமுறை காற்றில் ஒரு கால் ஆடியது. அதை நம்பி மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சூடு அதிகமாகிவிடுமோ என்று தன் நிழலை அதன் தலைமேல் விழ வைத்துக்கொண்டு, நிழல் நகர நகர அவளும் நகர்ந்திருக்கிறாள். மாட்டுப் பொங்கல் காலையில் வாடை வந்துவிட்டது. அப்பா முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்.

குழி ஆழம் போதவில்லை. காணும் பொங்கலன்று தம்பி குச்சியால் தோண்டிவிட்டு ஓடி வந்தான். "அக்கா, சில்லு இன்னும் உள்ளயே கீது. எறும்பு கடிக்குது, எடு."

அவனைக் குறை சொல்ல முடியாது. சாவு என்றால் திரும்பி வராதது, உடம்பின் வேலையெல்லாம் நின்றுபோவது, எல்லா உயிருக்கும் வருவது என்ற புரிதல் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் கூடி வருகிறது. அவன் பாதி வழியில் இருந்தான். எறும்பு கடித்தால் சில்லுவுக்கு வலிக்கும் என்று அவனுக்குப் பட்டது. அதைப் பார்த்தது அக்கா. மண்ணைத் தள்ளி மூடியதும் அவள்தான். பெரியவர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் ராத்திரி எழுந்து தம்பியின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. அவள் அம்மா இதை என்னிடம் சொன்னது மூன்றாவது வாரத்தில், "ஏதோ கெனா கண்டு எழுந்திருக்கிறா போல" என்று. எனக்கு விஷயம் அப்போது விளங்கியது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒருமுறை கண்டுபிடிக்க முடியாமல் போனவள், இன்னொருமுறை ஏமாறக் கூடாது என்று காவல் இருந்தாள்.

நான் செய்த தவறு

முதல் சந்திப்பு பிப்ரவரி 13. சில்லுவைப் பற்றி ஆசிரியை சொன்னதாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். "அது உன் தப்பு இல்லம்மா." அவள் "சரி மிஸ்" என்றாள். மிச்ச அரை மணி நேரமும் பதில் எல்லாம் 'சரி மிஸ்', 'இல்ல மிஸ்'.

தப்பு என்ன என்று அவள் சொல்வதற்கு முன்பே தப்பு இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னால், அவளுக்கு அது ஆறுதல் இல்லை. மேற்கொண்டு பேச வேண்டாம் என்று கதவைச் சாத்துவது. துக்கத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்திருக்கிற பிள்ளையிடம் இதை இனி ஒருபோதும் முதல் வாக்கியமாகச் சொல்லப்போவதில்லை.

அடுத்த வாரம் சாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. சில்லு எப்படிச் சாப்பிடும் என்று கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் பேசினாள். வெள்ளரியின் விதைப் பகுதியை மட்டும் முதலில் தின்னும், தக்காளி தின்றால் வாயோரம் சிவந்துபோகும், "நான் தட்டு வெச்சா தல நீட்டும் மிஸ், தம்பி வெச்சா நீட்டாது." இது கற்பனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. தினமும் இரை வைக்கிறவரை ஆமை அடையாளம் கண்டுகொள்ளும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்தது. "எனக்குக் கல்யாணம் ஆவுறப்ப அது இம்மாம் பெருசா இருக்கும்னு தம்பிகிட்ட சொல்லி வெச்சிருந்தன்" என்று இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள். ஆமை என்றால் நூறு வயசு என்பது நம் எல்லோர் மனதிலும் இருக்கிற கணக்கு. நட்சத்திர ஆமை பல பத்தாண்டுகள் வாழக்கூடியதுதான், முட்டையிடும் வயதுக்கு வரவே ஆண்டுகள் பல ஆகும். ஆனால் காட்டிலும் குஞ்சுகளில் பெரும்பகுதி வளர்ந்து ஆளாவதில்லை. தாய் முட்டையிட்டு மண்ணை மூடியதோடு சரி, குஞ்சைக் காப்பதில்லை. இது பாப்பாவுக்குத் தெரியாது. தன்னோடு வாழ்நாள் முழுக்க வரும் என்று நம்பிய ஒன்று எழுபத்தேழு நாளில் போய்விட்டது. குட்டி ஆமையின் சாவில் எழுபத்தேழு நாள் பழக்கத்தோடு அந்த நீண்ட எதிர்காலமும் சேர்ந்தே போகிறது.

மாமா கொண்டுவந்த பச்சை ஆமைகள்

மார்ச் முதல் வாரத்தில் அவள் மாமா, பிள்ளை வாடிப் போயிருக்கிறாளே என்று டவுனில் ஒரு மீன் கடையிலிருந்து இரண்டு குட்டி ஆமைகளை வாங்கி வந்துவிட்டார். பச்சை ஓடு, காதோரம் சிவப்புக் கோடு. வண்ண மீன் கடைகளில் பரவலாக விற்கிற செங்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. பாப்பா அந்தக் கண்ணாடித் தொட்டிப் பக்கமே போகவில்லை. "சில்லுக்குப் பதிலா இன்னொண்ணா?" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறாள்.

மாமாவின் அன்பில் குறையில்லை. ஆனால் துக்கம் பேசி முடிவதற்குள் இடத்தை நிரப்பினால், போன உயிர் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். மாமா சங்கடப்பட்டுக்கொண்டு, "அப்ப கோட்ட அகழியில வுட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். இவை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். நம் குளங்களில் விட்டால் உள்ளூர் நன்னீர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். உலகின் மிக மோசமான அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

காலண்டர்

நான்காவது சந்திப்பில் அவள் புத்தகப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாள்களை எடுத்தாள். பழைய 2023 காலண்டரை ஆயா போகித் தீயில் போட எடுத்து வைத்திருந்தாராம். அதில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் தாள்களை மட்டும் கிழித்து ஒளித்து வைத்திருக்கிறாள். கூடவே 2024 ஜனவரி. 14ஆம் தேதிக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. 10ஆம் தேதிக் கட்டத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

இது என்ன என்று கேட்டேன். வெகுநேரம் அந்தக் குறியின் மேல் நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 10, அம்மாவின் செயினை அடகு வைத்த நாள். அன்று ராத்திரி ஆயா அழுததைக் கேட்டிருக்கிறாள். படுக்கும்போது சாமியிடம், "சில்லு போனாலும் பரவால்ல, அப்பாக்கு வேல குடு" என்று வேண்டிக்கொண்டாள். நாலாம் நாள் சில்லு போயிற்று. பிப்ரவரி முதல் தேதி கம்பெனியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. ஆயா வாசலில் நின்று, "பீட போச்சு, வேல வந்துச்சு" என்று சொன்னார்.

"நான்தான் மிஸ் குடுத்துட்டன்."

இதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. டிபன் பாக்ஸ் திறக்காததும் இதனால்தான். அப்பா வேலைக்குத் திரும்பிய பிறகு அது அந்தச் சம்பளத்து அரிசியும்கூட.

'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் என்ன என்று அறிவால் தெரியும். ஆனால் நினைத்தது நடந்துவிட்டது என்ற பயம் அறிவுக்குக் கீழே எங்கேயோ இருக்கும். பெரியவர்களுக்கும் இருக்கும். ஆமை என்பது பிராணி இல்லை, கல்லாமை, பொறாமை, இயலாமை போன்ற 'ஆமை'களைத்தான் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று அவள் வகுப்பில் யாரோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அவள் கேள்வி பழமொழிக்கு அர்த்தம் என்ன என்பதில்லை. சில்லு எதனால் செத்தது என்பதுதான். அதற்கு நேரான விடை கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

அவள் அனுமதியோடு காலண்டர் தாள்களையும், அம்மாவின் செல்போனில் இருந்த ஏழெட்டு போட்டோக்களையும் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். ஊர்வன சிகிச்சையில் பழக்கம் உள்ளவர். உடலைத் திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கையோடுதான் ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

எழுபத்தேழு நாளில் 'வெ' ஒன்பது முறைதான் இருந்தது. ஓடு கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நேராக மேலே பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வந்தால் பலனில்லை. கோஸ், தக்காளி, வெள்ளரி ஆகியவற்றில் நீர்தான் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இந்த ஆமை காட்டில் தின்பது புல்லும் பூண்டும் இலை தழையும். இட்லி அதன் குடலுக்குச் சேராது. டிசம்பரில் அம்மா எழுதிய ஒரு குறிப்பும் இருந்தது: 'ஓடு அமுங்குது'.

மூக்கில் குமிழி குமிழியாக வருகிறது என்று டிசம்பர் 31ஆம் தேதிக் கட்டத்தில் பாப்பா எழுதியிருந்தாள். மருத்துவர் விரலை அங்கேயே வைத்துவிட்டார். ஈரத்துணி, மார்கழிக் குளிர், சிமெண்டுத் தரை. எங்கள் ஊரில் அந்த மாதம் ராத்திரியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், மலையடிவாரத்தில் இன்னும் குறையும். இவை நுரையீரல் தொற்றுக்குப் போதும். ஆமைக்கு நம்மைப் போல் உதரவிதானம் (மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ளத் தெரியாது. உள்ளேயே தேங்கும். ஜனவரி 4இல் 'சாப்புடல'. 8இல் 'கண்ணு தொறக்கல'. தலையை நீட்டி வாயைத் திறந்தபடி ஒரு போட்டோவும் இருந்தது. "கொட்டாவி விடுதுன்னு எடுத்திருப்பாங்க" என்றார் மருத்துவர். மூச்சு வாங்க முடியாமல் திறந்த வாய் அது.

விவரம் சொன்ன நாள்

ஐந்தாவது சந்திப்பில் தாள்களை மேசைமேல் தேதி வரிசையில் பரப்பினோம். மருத்துவர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். கொட்டாவி போட்டோவைப் பற்றியும் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்த விஷயம் அது. அழுதாள். முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். பிறகு அவளே 31ஆம் தேதியில் ஒரு விரலும் 10ஆம் தேதியில் ஒரு விரலும் வைத்தாள்.

"நோவு முன்னாடியே வந்துட்சு மிஸ்."

"ஆமாம்மா."

"வேண்டிக்கறதுக்கு முன்னாடியே."

"பத்து நாள் முன்னாடியே."

தப்பு எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது. வெயில் போதவில்லை, தீனி சரியில்லை, ஈரத்துணி ஆகாது. அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் உதவவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் பங்கு அதில் எவ்வளவோ அவ்வளவுதான் அவள் சுமக்க வேண்டும். அதுவரை அவள் சுமந்தது அவளுடையதே இல்லாத ஒன்றை. இத்தனை ஆண்டு வேலையில் நான் உறுதியாக நம்புவது இது: குற்றவுணர்வில் கிடக்கிற பிள்ளைக்கு ஆறுதலைவிட விவரம்தான் முதலில் தேவை. எந்த நாள், எது, எதனால் என்று தெரிந்துவிட்டால் மனம் தானே எல்லை போட்டுக்கொள்ளும்.

பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத இழப்புகள் உண்டு, அவற்றை வெளியே சொல்லவோ ஊரறிய அழவோ முடியாததாலேயே அவை ஆறாமல் நிற்கும் என்பது அவர் சொன்னது. பாப்பாவின் துக்கத்துக்கு மூன்று பூட்டு இருந்தது. ஆமைதானே என்ற அலட்சியம், ஆமை பீடை என்ற பழமொழி, மூன்றாவதாகச் சட்டம். பெற்றோர் என்னிடம் மனநல மருத்துவர் குப்லர் ராஸ் சொன்ன, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடிகிற ஐந்து நிலைகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, "இப்ப எந்த நிலை மேடம்?" என்று கேட்டார்கள். 1969இல் அவர் எழுதியது, சாகும் நோயில் இருந்தவர்களிடம் பேசிப் பெற்ற அனுபவத்திலிருந்து. அதை வைத்துப் பிள்ளையின் நாட்களை எண்ண வேண்டாம் என்றேன்.

சட்டத்தை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்தில் அது முதல் அட்டவணைக்கே போய்விட்டது, புலி இருக்கிற அட்டவணை. கள்ளக் கடத்தல் அதிகம் என்பதால் 2019இல் சர்வதேச வணிகத்துக்கும் முழுத் தடை. பெற்றோரிடம் இதை இரண்டாம் வாரமே சொன்னேன், வெளியே பேசக்கூடாது என்று அவர்கள் பிள்ளையின் வாயை அடைத்ததற்கு அரைகுறையாகத் தெரிந்த இந்தப் பயமே காரணம். பாப்பாவிடம் அழுது முடித்த பிறகு சொன்னேன்.

"அப்ப நான் திருடியா மிஸ்?"

"வண்டி ஏறிடும்னு பயந்துதானே எடுத்த. எடுத்து ஓரமா, பொதருக்குள்ள வுட்டிருந்தா போதும். உனக்கு அது தெரியல. இப்ப தெரிஞ்சுபோச்சு." காயம்பட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அமிர்தி வனத்துறை ஆபீஸ் எங்கே என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அங்குள்ள மிருகக்காட்சி சாலைக்குப் பள்ளியில் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

ஆயா

மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆயாவைச் சந்திக்காமல் இது முடியாது. அவரைக் கொடுமைக்காரியாக நினைத்துக்கொண்டு போகவில்லை, ஆனால் கண்டித்துப் பேச வேண்டியிருக்கும் என்ற எண்ணம் இருந்தது. அதற்கு வாய்ப்பே வரவில்லை.

முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். பேத்தி வேண்டிக்கொண்டதை அவள் அனுமதியோடு சொன்னேன். கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கப்பன் வூட்டுக்கு அமீனா வந்தான்டி. அப்ப எனக்கு உன் வயசு. பித்தள அண்டா, கொடம், எங்கம்மாவோட ஆட்டுக்கல்லு கூட எழுதிக்கினான். ஊரே நின்னு பாத்துச்சு. அந்த வூட்டுக்கு ஆமயே வந்ததில்ல."

பிறகு மறுபடியும் கீரை உருவ ஆரம்பித்தார். பாப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். நான் தயார் செய்து கொண்டுபோன எதையும் பேசவில்லை.

மறுபடி புதைக்க வேண்டும் என்று கேட்டது பாப்பாதான். அப்பா அதே முருங்கையடியில் இடுப்பளவு ஆழம் வெட்டினார். நாயோ தம்பியோ தோண்ட முடியாத ஆழம். முன்பு புதைத்த இடத்து மண்ணையும் சில்லுவின் சின்ன ஆமை ஓட்டையும் கரண்டியால் அள்ளி, ஒரு துணியில் முடிந்து இறக்கினார்கள். மேலே தட்டைக் கல். பாப்பா தன் பாண்டிச் சில்லு ஒன்றை உள்ளே போட்டாள். தம்பியிடம் அப்பா உட்கார்ந்து பேசினார்: சில்லுவுக்கு இனிமே பசிக்காது, வலிக்காது, எறும்பு கடிச்சாலும் தெரியாது. அவன் மூன்று முறை அதையே கேட்டான், மூன்று முறையும் அப்பா அதையே சொன்னார். தூங்குகிறது, சாமிகிட்ட போயிருக்கு என்றெல்லாம் சொல்ல வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன், தூங்கப் பயப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். ஆமை தொட்ட கையில் சால்மோனெல்லா கிருமி ஒட்டும். அந்த டப்பையும் அன்றே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஆயா ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து நின்றார். நம் வீடுகளில் மனிதருக்குச் செய்வது. "ஊத்துடி" என்று பேத்தியிடம் நீட்டினார்.

பிறகு

ஏப்ரலில் ஆறாவது சந்திப்போடு வாராந்தரப் பேச்சை முடித்தோம். மனச்சோர்வு நோய்க்கான மற்ற அறிகுறிகள், அதாவது எதிலும் நாட்டமின்மை, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் போன்றவை எந்தக் கட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். மார்ச் நடுவிலேயே டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. வயிற்று வலி முழுப் பரீட்சை நேரத்தில் ஒருமுறை வந்தது. அது பரீட்சைக்கானது என்று அவளே சொன்னாள்.

ஜூனில் ஏழாம் வகுப்பில் பார்த்தேன். காலண்டர் தாள்கள் இப்போது பையில் இல்லை, ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றனவாம், பத்திரங்களோடு. அவளிடம் அதைக் கேட்டு வாங்கியது ஆயாதான்.

அக்டோபர் மழை முடிந்து நவம்பரில் ஒருமுறை வராந்தாவில் நிறுத்தி, இன்னும் தம்பி மூக்கடியில் விரல் வைக்கிறாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள். "தெனமும் இல்ல மிஸ். கரண்ட் போயி ஃபேன் நின்னா மட்டும்."